முந்திரியிலிருந்து மில்லிலிட்டர் வரை

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அக்காவின் பேத்தி கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடமுருட்டிக் கரையில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நோட்டில் ஒரு வட்டம். அதை நான்காகப் பிரித்து ஒரு துண்டுக்கு மட்டும் பச்சை அடித்திருந்தாள். கீழே 1/4 என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் பாதி, அதற்கடுத்த பக்கத்தில் முக்கால்.

"சின்னத் தாத்தா, அப்பா போன்ல 'ரெண்டு மா அறுத்தாச்சு, இன்னும் மூணு மா நிக்குது'ன்னு சொன்னாங்க. மான்னா எவ்வளவு?"

"மூணு மா சேந்தா ஒரு ஏக்கர்."

"அப்ப ஒரு மா, மூணுல ஒண்ணா?"

"ஏக்கர்ல மூணுல ஒண்ணு. வேலியில இருபதுல ஒண்ணு."

"வேலின்னா முள்ளு வேலியா?"

சிரித்துவிட்டேன். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தபோதுதான் அது எவ்வளவு நீளமான பதில் என்று புரிந்தது. அவள் வகுப்பில் இந்த வருஷம் நடத்தியது என்ன என்று நோட்டைப் புரட்டினேன். பெருக்கல் வாய்ப்பாடு, லிட்டர் - மில்லிலிட்டர், மணி பார்ப்பது, பின்னம். இதே ஆற்றங்கரையில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் இவள் வயதுப் பையன் ஒருவன் படித்ததும் ஏறக்குறைய இதேதான்: வாய்ப்பாடு, முகத்தல், நிலம், பின்னம். "பையன்" என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

*

காவிரிப் படுகையில் மா என்பது நிலத்தின் பெயர். வெளியூர்க்காரர்களுக்கு ஏக்கர், சென்ட். இங்கே இன்றைக்கும் வேலி, மா, குழி. பன்னிரண்டு அடிக் கோலால் அளந்து, நீளத்தில் ஒரு கோல் அகலத்தில் ஒரு கோல் இருந்தால் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி, சுமார் 33 சென்ட். வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட.

ஆனால் மா என்பது முதலில் ஓர் எண். இருபதில் ஒரு பங்குக்குத் தமிழில் மா என்று பெயர். ஒரு வேலியில் இருபதில் ஒன்று என்பதால் நிலத்துக்கும் அதுவே பெயராயிற்று. காணியும் அப்படித்தான். எண்பதில் ஒரு பங்கு காணி. தஞ்சாவூர்க் கணக்கில் கால் மா, இருபத்தைந்து குழி. (சென்னைப் பக்கத்தில் பேசப்படும் காணி வேறு அளவு.) காணியில் பாதி அரைக்காணி, அதில் பாதி முந்திரி. முந்திரி என்றால் 320-இல் ஒன்று. இன்றைய வேலிக் கணக்கில் ஒரு முந்திரி நிலம் சரியாக 900 சதுர அடி. நகரத்தில் வீட்டு மனை வாங்குகிறவர் இந்த எண்ணை எங்கோ கேட்டிருப்பார்.

பேத்திக்கு வட்டத்தை வெட்டிக் காட்டிய மாதிரி இந்தப் பின்னங்களுக்கும் ஒரு வெட்டு முறை உண்டு. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. நாலு காணி ஒரு மா, அதோடு இன்னொரு காணி, ஆக எண்பதில் ஐந்து. அதாவது பதினாறில் ஒன்று. இரண்டு மாகாணி அரைக்கால், இரண்டு அரைக்கால் கால். அப்புறம் அரை, முக்கால், ஒன்று. ஒருபக்கம் இருபது இருபதாக வெட்டுவது, இன்னொரு பக்கம் பாதி பாதியாக வெட்டுவது. இரண்டையும் ஒரே ஏணியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏன் 320? இரண்டு வெட்டுக்கும் இடம் கொடுக்கும் எண் அது. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி எல்லாமே முந்திரியின் முழு மடங்குகள்.

முந்திரிக்கும் கீழே போக வேண்டுமென்றால் முந்திரியையே 'ஒன்று' என்று வைத்துக்கொண்டு மறுபடி 320-ஆக வெட்டுவார்கள். அது கீழ்முந்திரி, 1,02,400-இல் ஒன்று. இன்றைய வேலியில் மூன்று சதுர அடிக்கும் குறைவு. முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் வெட்டிவைத்த கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நில அளவு இப்படித்தான் 'கீழ்' 'கீழ்' என்று இறங்கிப் போகும். பயிரிடும் நிலம் இவ்வளவு, ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவ்வளவு, அதெல்லாம் போக வரி கட்டவேண்டிய நிலம் இவ்வளவு என்று கழித்துக் கழித்து எழுதுவார்கள். எந்தக் கோலாலும் அளக்க முடியாத துணுக்கு அது. கழித்தலில் மிஞ்சுகிற எண். ஆனால் அதையும் விடாமல் கல்லில் வெட்டும் அளவுக்குக் கணக்குத் தெரிந்த ஆட்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த வயல்வெளியில் இருந்தார்கள் என்பது முக்கியம். அவர்கள் யாரிடம் கற்றார்கள்?

*

கல்வெட்டுக்காரர்களின் பள்ளிக்கூடம் பற்றித் தகவல் குறைவு. ஆனால் பின்னால் வந்த திண்ணைப் பள்ளிக்கூடம் பற்றி நிறையவே தெரியும். அங்கே என்ன நடத்தினார்கள் என்பதற்கு எண்சுவடிதான் சாட்சி. ஓலையிலும் பிறகு அச்சிலும் கிடைக்கும் இந்தச் சுவடி ஒரு குழந்தையின் ஐந்தாறு வருஷப் பாடத்திட்டம்.

முதலில் பொன்னிலக்கம். முந்திரியில் தொடங்கி ஒன்று வரைக்கும், ஒன்றிலிருந்து மேலேயும் எண்களின் பெயரும் குறியும். நாம் இன்று ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து நாலாம் வகுப்பில் பின்னத்துக்கு வருகிறோம். திண்ணையில் பின்னம்தான் வாசற்படி. பிறகு நெல்லிலக்கம். 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதுதான் மரக்கால். இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். பெருக்கிப் பார்த்தால் ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு கலத்துக்கு 13,82,400 நெல்.

அதற்குப் பிறகு பெருக்கல் வாய்ப்பாடு. முழு எண்களுக்கு மட்டுமல்ல, காலுக்கும் அரைக்காலுக்கும் மாகாணிக்கும் தனித்தனியாக வாய்ப்பாடு உண்டு. கடைசியில் குழிமாற்று, அதாவது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வாய்ப்பாடு. நிலத்தின் பரப்பைக் குழியில் சொல்ல அது வேண்டும். இந்தப் படிப்பை முடித்த பையன் கையில் மூன்று விஷயம் இருந்தது: காசு, நெல், நிலம். தஞ்சாவூரில் இந்த மூன்றும் தெரிந்தால் வேறென்ன வேண்டும்?

எழுதுவது மணலில். பிறகுதான் ஓலை. சொல்வது கூட்டமாக, உரக்க. வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுப்பான். மனப்பாடம் என்றால் புரியாமல் உருப்போடுவது என்று நாம் இன்று முகம் சுளிக்கிறோம். தமிழ் எண்சுவடி மரபைப் பல காலம் ஆராய்ந்த செந்தில் பாபு இதை வேறு விதமாகப் பார்க்கிறார். அந்தப் பள்ளியில் நினைவு என்பது ஒரு பாத்திரம் அல்ல, ஒரு கருவி. வாய்ப்பாட்டை வரிசையாகச் சொல்லிச் சொல்லி, நடுவில் எங்கே கேட்டாலும் எடுக்கும்படி பழக்கிக்கொண்டவன் களத்துமேட்டில் ஓலையைத் தேட மாட்டான். எனக்கு இது சரியென்றே படுகிறது. ஆனால் அதே பள்ளியில் பிரம்பும் இருந்தது.

1823-இல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் எழுதிய அறிக்கையில் ஒரு காட்சி வரும். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவது பிள்ளைக்கு ஒரு சுழியம், புகழ்ச்சியுமில்லை இகழ்ச்சியுமில்லை. மூன்றாவதாக வருகிறவனுக்கு ஓர் அடி, அடுத்தவனுக்கு இரண்டு, இப்படி ஏறிக்கொண்டே போகும். எண்ணைக் கற்க இதுவும் ஒரு வழிதான் போலிருக்கிறது.

*

வெளியிலிருந்து வந்தவர்கள் இந்தத் திண்ணையைக் கவனித்திருக்கிறார்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் எழுத்தைக் கற்றது பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான். அடுத்த வருஷமே அங்கே அவர் பள்ளிகள் தொடங்கினார், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் 1780-களில் ஆங்கிலமும் சொல்லித்தரும் பள்ளியை அமைத்தார். அவரிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னரானபின் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். சோறும் படிப்பும் அங்கே ஒரே கூரைக்கடியில் இருந்தன. பிள்ளைகளுக்குப் படிப்போடு சாப்பாடும் போடவேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் பழைய யோசனை.

சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் மணலில் எழுதுவதைப் பார்த்து அதையே தன் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. நம்மூர்ச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போன கதை அது.

மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் எல்லாக் கலெக்டர்களையும் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்து எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 884 பள்ளிகள், அதற்கு மேல் 109 உயர்கல்வி இடங்கள். வாத்தியாரின் மாத வரும்படி பெரும்பாலும் ஆறேழு ரூபாய்க்கு மேல் போகாது என்றும் மன்றோ எழுதுகிறார்.

இந்தக் கணக்குகளைத் தரம்பால் 1983-இல் முழுதாக வெளியிட்டபோது பலருக்கு அதிர்ச்சி. தமிழ் மாவட்டங்களில் பிராமணரும் வைசியருமாக மேல்வருணத்தார் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பான்மை பிள்ளைகள் 'சூத்திரர்' என்று பதிவானவர்கள். வெள்ளைக்காரன் வரும்முன் படிப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல பதில். நானும் பல வருஷம் இந்த எண்களைப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ஆனால் அதே அட்டவணையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540. நாற்பதில் ஒருவர். பள்ளிக்குப் போகிற வயதுப் பையன்களிலும் பள்ளியில் இருந்தது நாலில் ஒருவன், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவன் என்பது மன்றோவின் மதிப்பு. மிச்சம் பேர் எங்கே? தஞ்சாவூரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பதில் வயலில்தான் இருக்கிறது.

*

என் தாத்தா ஒரு பண்ணையில் காரியக்காரர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய அச்சு எண்சுவடி, அட்டை போய், ஓரம் செல்லரித்து, எங்கள் வீட்டில் இருந்தது. மூக்குப்பொடி வாசனையோடு அவர் மடியில் உட்கார்ந்து "மாகாணி, மும்மாகாணி" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு மனக்கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலம் அது. மாகாணி என்றால் ஓர் அணா, அரைக்கால் என்றால் இரண்டு அணா. எண்சுவடி அத்தனை நாள் உயிரோடு இருந்ததற்கு அணாவும் ஒரு காரணம். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. நூறு பைசா ஒரு ரூபாய் என்றானதும் மாகாணி வாய்ப்பாட்டுக்கு வேலை போயிற்று. தொடர்ந்து கிலோவும் லிட்டரும் வந்து படியையும் மரக்காலையும் கடைத்தெருவிலிருந்து எடுத்துவிட்டன. அதற்கு முன்பே, மாணவர் தேர்வில் காட்டும் தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் முறையில் திண்ணை வாத்தியார்கள் இன்ஸ்பெக்டர் கேட்கும் கணக்கைச் சொல்லிக்கொடுக்கப் பழகிவிட்டார்கள். மானியத்துக்கு முந்திரி உதவாது.

தாத்தாவின் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் உண்டு. எங்கள் வயலில் நடவு நட்டே வயதான ஒரு அம்மா தெற்குத் தெருவில் இருக்கிறார். என் அப்பாவை 'ஐயா' என்று கூப்பிட்டவர், என்னைத் 'தம்பி' என்கிறார். அதற்கே இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது. பழைய அளவுகளைப் பற்றி விசாரிக்கப் போயிருந்தேன்.

"களத்துல ஒங்க தாத்தாதான் தம்பி அளப்பாரு. மொத மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னு சொல்லுவாங்க. அப்பறம் ரெண்டு, மூணு. நாங்க முந்தானைய விரிச்சு நிப்போம். யாருக்கு லாபம்னு அப்பக் கேக்கத் தெரியல."

"நீங்க பள்ளிக்கூடம் போனீங்களாம்மா?"

"நா எங்க போறது? மாடு மேச்சேன். எங்க அண்ணன் ரெண்டு வருசம் போனாரு. அப்பறம் அவரும் பண்ணைக்கு மாட்டுக்கார பையனாப் போயிட்டாரு."

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிதல்ல, ஆனால் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. களத்தில் இரண்டு மரக்கால் இருந்ததாம். குத்தகை நெல் வாங்க ஒன்று, கூலி அளக்க ஒன்று. "எல்லாப் பண்ணையிலயும் உள்ளதுதான், ஒங்க தாத்தாவ மட்டும் சொல்லல" என்று அவரே சமாதானமும் சொன்னார்.

*

எண்சுவடியின் அழகைப் பேசும்போது இந்த இரண்டு மரக்காலையும் சேர்த்துப் பேசாமல் இருக்க முடியாது என்று அன்றைக்குத் தோன்றியது. பண்ணையாளின் கூலி நெல்லில்தான் இருந்தது. குத்தகைக்காரனின் பங்கு நெல்லில்தான் இருந்தது. அளக்கத் தெரிந்தவன் ஒரு பக்கம், அளந்ததை வாங்கிக்கொள்கிறவன் மறுபக்கம். நெல்லிலக்கம் தெரிவதும் தெரியாததும் அறிவு விஷயம் மட்டுமல்ல, அன்றைய இரவு உலையில் எவ்வளவு அரிசி போடுவது என்கிற விஷயம்.

இந்த மாவட்டத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் பின்னங்களின் வரலாறு. 1952-இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம், விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உழுகிறவனுக்கு என்றது. அதுவே பெரிய வெற்றி என்றால் அதற்கு முன் இருந்த பங்கை ஊகித்துக்கொள்ளலாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டம் அதன் பின்னணி. அரை என்ற பின்னத்தை நாம் வட்டம் வரைந்து பச்சை அடித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த மண்ணில் அதன் எடை வேறு.

பள்ளிக்கூடக் கதவு அந்தப் பக்கத்துக்குத் திறந்தது மெதுவாகத்தான். மிஷன் பள்ளிகள் சிலருக்கு இடம் கொடுத்தன. 1920-ஐ ஒட்டி அமைந்த தொழிலாளர் துறை ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளைத் திறந்தது. 1953-இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். தச்சர் வீட்டுப் பிள்ளைக்குத் தச்சு. பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு? பண்ணைதான். 'குலக்கல்வி' என்ற பெயர் அந்தத் திட்டத்துக்கு ஒட்டிக்கொண்டதற்கு இந்தக் கேள்வி போதும். அடுத்த வருஷம் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 1956-இல் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1 முதல் அது சத்துணவு. மாடு மேய்க்கப் போன பிள்ளைகள் வகுப்புக்கு வந்ததில் வாய்ப்பாட்டைவிடச் சோற்றுக்குப் பங்கு அதிகம் என்று தெற்குத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வந்த பிள்ளைகள் எல்லாரையும் நாம் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். எங்கள் அக்கா பேத்தி வயதுப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று கறாராகச் சொன்னார்கள். இவள் படிக்கும் கான்கிரீட் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண் நினைவுக்கு வரும்.

*

கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது குறி. பெயர் ஔவையிடமிருந்து வந்தது, கொன்றை வேந்தனைத் திண்ணையில் உருப்போட்ட பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கும். பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்துகிறார்கள். முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த வருஷம் நாலு, ஐந்துக்கும் வந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கிவைத்து, காலை உணவுத் திட்டத்தை மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரித்தார்கள்.

2019-இல் இன்னொன்றும் நடந்தது. யூனிகோடில் பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் அளவைக் குறிகளுக்கும் இடம் கிடைத்தது, மொத்தம் 51 எழுத்துருக்கள். வரிசையில் முதலாவது முந்திரி. எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட ஊரில் இல்லாத காலத்தில் அது கணினிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. முந்திரி தெரியாமல் போனதால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. இன்றைக்கு இந்த வயல்களில் சோற்றைத் தீர்மானிக்கும் எண் 17. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தையில் மழை பெய்தால் நெல்லை ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டு அந்த எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள். அக்கா பேத்திக்குச் சதவீதம் இன்னும் பாடத்தில் வரவில்லை. வீட்டில் வந்துவிட்டது.

*

முகத்தல் அளவை நடத்தப்போகிறோம், பழைய படி, உழக்கு இருந்தால் கொண்டுவந்து காட்ட முடியுமா என்று வகுப்பு டீச்சர் பேத்தியிடம் கேட்டிருந்தார். பரணில் ஏறித் தேடினேன். உழக்கு கிடைத்தது. ஒரு படி கிடைத்தது. கூடவே, பூண் போட்ட மரக்கால் இரண்டு. பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். இங்கே இருப்பவர்களில் தெற்குத் தெருப் பிள்ளைகள்தான் அதிகம். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். டீச்சர் ஒரு சாக்கை விரித்து நெல்லைக் கொட்டினார். லிட்டர் குவளையும் நூறு மில்லி, ஐம்பது மில்லிக் குவளைகளும் வைத்திருந்தார்.

நான் முதல் மரக்காலை நிரப்பித் தலைதட்டினேன். பழக்கதோஷத்தில் "லாபம்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு பேர் அதை லிட்டர் குவளையால் அளந்தார்கள். நாலு லிட்டர், நூற்றைம்பது மில்லி. டீச்சர் பலகையில் எழுதினார். அடுத்த மரக்கால். மூன்று லிட்டர், தொள்ளாயிரம் மில்லி.

"தப்பா அளந்துட்டீங்க, திரும்ப அளங்க" என்றார் டீச்சர். திரும்ப அளந்தார்கள். அதேதான் வந்தது.

"வித்தியாசம் எவ்வளவு?"

எழுதிக் கழித்தார்கள். இருநூற்றைம்பது மில்லி. "கால் லிட்டர், மிஸ்" என்றாள் எங்கள் பேத்தி, பச்சை அடித்த வட்டத்தை நினைத்துக்கொண்டு.

"பன்னெண்டு மரக்கால் ஒரு கலம்னு ஐயா சொன்னாருல்ல. அப்ப ஒரு கலத்துக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்?"

பின்வரிசையில் ஒரு பெண் குழந்தை விரலை மடக்காமல் சொன்னாள்: "மூணு லிட்டர் மிஸ்." நான் விசாரிக்கப் போன அந்த அம்மாவின் கொள்ளுப்பேத்தி அவள். மூன்று லிட்டர் சரிதான். நாலு கால் ஒன்று, பன்னிரண்டு கால் மூன்று. எண்சுவடியின் கால் வாய்ப்பாட்டிலும் அதே விடைதான்.

கணக்கு முடிந்தது என்று டீச்சர் பலகையை அழிக்கப் போனார். அப்போது ஒரு பையன் கேட்டான்: "சார், ஏன் ரெண்டு வச்சிருந்தாங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தார். பேச்சை மாற்றிவிடலாம், பழங்காலத்தில் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. பெரியதைத் தொட்டு, "இது நெல்லு வாங்குறதுக்கு" என்றேன். சின்னதைத் தொட்டு, "இது கூலி குடுக்குறதுக்கு" என்றேன். "எங்க தாத்தாதான் அளந்தார்."

வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. அப்புறம் அந்தப் பையன் "அப்ப அது ஏமாத்துறது சார்" என்றான். "ஆமா" என்றேன்.

மரக்கால் இரண்டையும் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் நாலாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் உதவும் என்று டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று சாயந்திரம் பேத்தி நோட்டில் இன்னொரு கணக்கு போட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் கூலி ரெண்டு மரக்கால் என்றால், ஒரு வருஷத்துக்கு எத்தனை லிட்டர் குறையும்? பதில் 182 லிட்டர் 500 மில்லி என்று எழுதி, சரியா என்று கேட்டாள். வருஷத்தில் எல்லா நாளும் வேலை இருக்காது என்றேன். "சரி, எத்தனை நாள் இருக்கும்?" என்றாள். தெற்குத் தெருவில் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.